நான்காம் முறை தாங்கவில்லை

செத்துப்போனவன் எழுதிவைத்த கடைசி வரிகளுக்கு அர்த்தம் கேட்டு ஒருத்தி மாடியேறி வருவாள் என்று சுடர்விழி நினைக்கவில்லை. புதுக்கோட்டை கீழராஜ வீதியில் நகைக்கடைக்கு மேலே இருக்கும் சிவசாமியின் துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். மாப்பிள்ளை குடிப்பானா, மருமகள் போனில் யாரோடு பேசுகிறாள். ஒன்பது வருடமாக இந்த இரண்டையும் டைப் அடித்து டைப் அடித்து சுடர்விழிக்கு கல்யாணத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

வந்தவள் பெயர் மரிய செல்வி. முப்பதுக்குள் இருக்கும். அவசரத்தில் கிளம்பியவள் போல, கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கழற்றாமலே வந்திருந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதுக்கு என்ன அர்த்தம்னு எழுத்துல வேணுங்க. அம்புட்டுத்தான்."

சிவசாமி கண்ணாடியைத் தேடினார். அது அவர் நெற்றியில் இருந்தது. சுடர்விழி அதைத் தட்டி மூக்குக்கு இறக்கிவிட்டாள். காகிதத்தில் ஐந்து சின்ன வாக்கியங்கள் இருந்தன.

சப்போர்ட் உடைந்துவிட்டது. மூன்று முறை தாங்கியது. நான்காம் முறை தாங்கவில்லை. இனி நம்பி இருப்பதில் அர்த்தம் இல்லை. வெளியேறிவிட்டேன்.

"எங்க வீட்டுக்காரரு எழுதுனது. ஜஸ்டின். கத்தார்ல இருந்து வந்து ரெண்டு வருசமாச்சு. ஷேர் மார்க்கெட் பண்ணிக்கிட்டு இருந்தாரு. போன மாசம் தோட்டத்துக் கெணத்துல கெடந்தாரு. மேட்டுல செருப்பு, போனு. போனுக்கு அடியில இந்தச் சீட்டு." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "ஊருல எல்லாரும் சப்போர்ட்டுன்னா நான்தான்னு சொல்றாங்க. நான் மூணு தடவ கோவிச்சுக்கிட்டுப் போயித் திரும்பி வந்தவ. நாலாவது தடவ போனவ திரும்பல. கீரனூருல தனியாத் தையக்கடை வச்சுட்டேன். கணக்கு சரியா இருக்குன்னு மாமனாரு சொல்றாரு. ஒன்னாலதான் எம்மவன் செத்தான், பேத்தியக் குடுக்க மாட்டேன்னு வச்சுக்கிட்டாரு. நான்சிக்கு அஞ்சு வயசு."

"கோர்ட்டுக்குப் போனீங்களா?"

"திங்கக்கெழம வாய்தா. அந்த வார்த்த என்னையச் சொல்லல, ஷேர்ல உள்ள வார்த்தன்னு வெவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் எழுதிக் குடுத்தாப் போதும்னு வக்கீலு சொல்றாரு. அவரு படிச்ச கிளாஸ் வாத்தியார்கிட்டக் கேட்டேன். கோர்ட்டுன்னதும் பின்வாங்கிட்டாரு. எனக்கு அந்த ஷேரு கீரெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க."

எழுந்து வாசல்வரை போனவள் திரும்பி, "புள்ள மட்டும் வந்தாப் போதும்" என்றாள். சுடர்விழிக்கு அந்த நிமிடமே அவளைப் பிடித்துவிட்டது. அவளுக்காக அந்த மாமனாரை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நாக்கு துடித்தது.

சிவசாமி காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவர் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளைம்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தவர். காகிதத்தைக் கண்டால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"சுடரு, நீ தூக்குப் போட்டுக்கப் போறேன்னு வச்சுக்க."

"இந்த மாசமும் சம்பளம் லேட்டானா வச்சுக்கலாம் சார்."

"சீட்டுல என்ன எழுதுவ? போறேன்னு எழுதுவியா, போயிட்டேன்னு எழுதுவியா?"

சுடர்விழி கடைசி வார்த்தையை மறுபடி பார்த்தாள். வெளியேறிவிட்டேன். வெளியேறுகிறேன் இல்லை.

"எழுதும்போதே எல்லாம் முடிஞ்சிருச்சு. முடிஞ்சதை உக்காந்து குறிச்சு வைக்கிறான். செத்தவன் எப்படிம்மா குறிப்பு எழுதுவான்?" அவர் நகத்தால் காகிதத்தின் மேல்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். ஜெராக்ஸில் சீட்டின் விளிம்பு நான்கு பக்கமும் கறுப்புக் கோடாக விழுந்திருந்தது. மேல் விளிம்பை ஒட்டி, எழுத்தே இல்லாத இடத்தில், ஒரு சின்ன வளைவு. "இது என்ன?"

"ஏதோ வாலு."

"'கு'வோட வால். இதுக்கு மேல இன்னொரு வரி இருந்திருக்கு. கத்திரியால வெட்டி எடுத்திருக்காங்க. நாலு பக்கமும் ஒரே அளவா ஒரு விரல் இடம் விட்டு."

"சாகப்போற நேரத்துல இம்புட்டு நேர்த்தியா? எங்க வீட்டுல கேஸ் புக்கு அட்டையக்கூட இப்படி வெட்டுனதில்ல."

"வா, கீரனூர் போவோம்."

---

கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேக்கரி மாடியில், ஜஸ்டின் படித்த கிளாஸின் வாத்தியார் வெற்றிசெல்வனின் ஷேர் பயிற்சி மையம். உள்ளே பத்துப் பேர் சுவரில் விழுந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் பச்சையும் சிவப்புமாக நட்டுவைத்த குச்சிகள். கோர்ட்டு வேண்டாம், வெறும் விளக்கம் போதும் என்று சிவசாமி மூன்று தரம் சொன்ன பிறகுதான் வெற்றிசெல்வன் அவர்களை உள்ளே விட்டான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, காதில் மாட்டிய மைக். பேசும்போது கைகளை மேலும் கீழும் ஆட்டினான்.

"இது ஒவ்வொண்ணும் ஒரு கேண்டில். வெல ஏறுனா பச்சை, எறங்குனா செவப்பு."

"மெழுகுவத்தியா? ஜஸ்டின் ஊருக்காரங்க ஆவூர் மாதா கோயில்ல ஏத்துவாங்க, நீங்க செவத்துல ஏத்துறீங்க" என்றாள் சுடர்விழி.

"கம்பெனி நல்ல கம்பெனியா, மொதலாளி யோக்கியனா, அதெல்லாம் நாங்க பாக்க மாட்டோம் மேடம். இதுவரைக்கும் வெல எப்படிப் போச்சுன்னு படத்தைப் பாத்து, இனிமே எப்படிப் போவும்னு சொல்லுவோம்."

"ஜாதகம்."

"நஷ்டம் இம்புட்டுக்கு மேல போவாம நிறுத்துற ஸ்டாப்லாஸ் ஜாதகத்துல கெடையாதுங்க." வெற்றிசெல்வன் சிரிக்காமல் சொன்னான். அந்தப் பதில் சுடர்விழிக்குப் பிடித்திருந்தது.

சிவசாமி நேராக விஷயத்துக்கு வந்தார். "சப்போர்ட்டுன்னா என்ன தம்பி?"

வெற்றிசெல்வன் படத்தின் அடியில் விரலால் ஒரு கோடு இழுத்தான். "வெல எறங்கி வரும். இந்த எடத்துக்கு வந்ததும் பந்து தரையில பட்டமாதிரி மேல எந்திரிக்கும். மறுபடி வரும், மறுபடி எந்திரிக்கும். அந்தத் தரைதான் சப்போர்ட்டு. மூணு தடவ தாங்கிருச்சுன்னா நம்பி உள்ள இருக்கலாம். நாலாவது தடவ தரையப் பிச்சுக்கிட்டு கீழ போச்சுன்னா, ஒரு நிமிசம் நிக்கக் கூடாது. வித்துட்டு வெளியேறிறணும்."

சிவசாமி ஜெராக்ஸை நீட்டினார். வெற்றிசெல்வன் படித்தான். முகம் மாறியது.

"இது டைரிங்க. டிரேடிங் டைரி." போனை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். "ஒவ்வொரு நாளும் நோட்டுல எழுதி, போட்டோ எடுத்து குரூப்புல போடணும்னு கண்டிசன். எந்தப் பங்கு, எப்ப நொழஞ்சோம், எப்ப வெளியேறுனோம், காரணம், மனநிலை. இந்தா இருக்கு பாருங்க."

கோடு போட்ட நோட்டின் முழுப் பக்கம். இடது ஓரத்தில் தலைப்புகள். 'வெளியேறியது' என்பதற்கு எதிரே '10.15க்கு' என்று எழுதி, அந்த 'கு'வின் வால் நீளமாகக் கீழே சுழித்து இறங்கியிருந்தது. அதன் கீழே, 'காரணம்' என்பதற்கு எதிரே, அந்த ஐந்து வாக்கியங்கள். அதற்கும் கீழே, 'மனநிலை' என்பதற்கு எதிரே ஒரே வார்த்தை: அமைதி. பக்கத்தின் தேதி, அவன் செத்ததற்கு மூன்று வாரம் முந்தியது.

"பெரிய நஷ்டமா?" என்றார் சிவசாமி.

"சேச்சே. ரெண்டு புரோட்டா, ஒரு ஆம்லெட் அளவு. ரூல்படி வெளியேறிட்டாரு. நம்ம கிளாஸ்ல அவருதான் நம்பர் ஒன்னு. எவ்வளவு செவப்பு வந்தாலும் மொகத்துல ஒண்ணும் தெரியாது. எந்தப் பக்கத்தை எடுத்தாலும் மனநிலை அமைதி, அமைதி, அமைதின்னுதான் இருக்கும். அந்தா எழுதிருக்கு பாருங்க, அதை அச்சு அசலாக் கடைப்பிடிச்ச ஒரே ஆளு."

அவன் காட்டிய போர்டில் பெரிய எழுத்தில் இருந்தது: 'உணர்ச்சிகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.'

"எங்க ஆபீஸ்ல மூளையை வச்சுட்டு வரச் சொல்லுவாங்க" என்று சுடர்விழி சிவசாமியைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. வெற்றிசெல்வனின் போனில் இன்னொரு படத்தை விரித்துக்கொண்டிருந்தார். ஜஸ்டின் குரூப்புக்குக் கடைசியாக அனுப்பிய படம். செத்த அன்று, மார்க்கெட் மூடிப் பத்து நிமிடம் கழித்து, மூன்று நாற்பதுக்கு அனுப்பியது. விரித்த நோட்டு கருங்கல் மேல் கிடந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் கிணற்றின் இருட்டு.

"கெணத்து மேட்டுலதான் டவர் நல்லாக் கெடைக்குமாம். அங்கதான் உக்காந்திருப்பாரு" என்றான் வெற்றிசெல்வன்.

சுடர்விழிக்கு சந்தோஷம் தாங்கவில்லை. வேலை முடிந்துவிட்டது. அவளே ஒரு வெள்ளைத் தாளில் விளக்கத்தை எழுதி, வெற்றிசெல்வனிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கையெழுத்து வாங்கி, மடித்துப் பைக்குள் வைத்தாள். திரும்பிப் பார்த்தால் சிவசாமி ஜன்னலோரம் நின்று போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார்.

"யாருக்கு சார்?"

"இன்ஸ்பெக்டர் திருமுருகனுக்கு. நம்ம பழைய பழக்கம். தம்பிகிட்ட வாங்குன ரெண்டு படத்தையும் அனுப்பிட்டேன்."

"எதுக்கு?"

"கணக்குப் போட்டுப் பாரும்மா. மூணு நாப்பதுக்கு நோட்டு கெணத்து மேட்டுல இருக்கு. போலீஸ் போனப்ப செருப்பு இருக்கு, போன் இருக்கு, வெட்டின சீட்டு இருக்கு. நோட்டு எங்க? அவனே வெட்டியிருந்தா நோட்டும் கத்திரியும் அங்க கெடக்கணும். யாரோ வெட்டி, சீட்டை வச்சிட்டு, நோட்டை எடுத்துட்டுப் போயிருக்காங்க. இது தற்கொலையே இல்ல."

"சார், அந்தப் பொண்ணு கேட்டது ஒரு வார்த்தைக்கு அர்த்தம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வீட்டுக்குப் போவமே."

"அர்த்தம் சொல்ல அகராதி போதும். என்னை எதுக்கு வச்சிருக்காங்க?" என்றார் சிவசாமி. படித்தாயிற்று என்று மெசேஜின் பக்கத்தில் இரண்டு நீலக் குறி விழுந்ததை அவளிடம் பெருமையாகக் காட்டினார். அந்தப் பெருமையை சுடர்விழி ஒன்பது வருடமாகப் பார்க்கிறாள், ஒரு தடவையும் அது நல்லதில் முடிந்ததில்லை.

---

ஆட்டோவில் போகும்போதே சிவசாமி குற்றவாளியை முடிவு செய்துவிட்டார். மாமனார். மகன் தவறி விழுந்தோ எப்படியோ செத்திருக்கிறான், முதலில் பார்த்தவர் அவராகத்தான் இருக்கும், பழியை மருமகள் தலையில் போட்டுப் பேத்தியை வைத்துக்கொள்ள வரிகளை வெட்டி வைத்துவிட்டார். கேட்கக் கச்சிதமாகத்தான் இருந்தது.

ஆவூர் கோயிலைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் ஜஸ்டின் வீடு. ஒட்டினாற்போல் தோட்டம், தோட்டத்து மூலையில் கிணறு, கிணற்றை ஒட்டிப் போகும் பாதையின் முடிவில் பஸ் ஸ்டாப். மாமனார் அந்தோணிமுத்து வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சிவசாமி, கோர்ட்டு விஷயமாக விசாரிக்க வந்திருக்கிறோம் என்று பொதுவாகச் சொல்லி, ஜெராக்ஸை அவர் கையில் கொடுத்தார். பெரியவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"என்னய்யா போட்டிருக்கு? படிச்சுச் சொல்லுங்க. ரெண்டு கண்ணுலயும் பொரை. ஆறு மாசமா எழுத்துன்னு ஒண்ணும் தெரியல. ஆளே நெழலாத்தான் தெரியுது."

சுடர்விழி சிவசாமியின் காதருகே குனிந்தாள். "உங்க குற்றவாளி நோட்டை மோந்து பாத்து வரியைத் தேடியிருப்பாரோ?"

சிவசாமி தொண்டையைச் செருமினார். வீட்டில் வேறு பெரிய ஆள் யாரும் இல்லை, பெரியவரின் மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருடம் என்பதும் தெரிந்தது. "அன்னைக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"யாரு வருவா? அவதான் மத்தியானம் வந்தா. புள்ளைக்குக் கவுன் தைக்கணும், அளவு எடுக்கணும்னு. உள்ள கூட்டிட்டுப் போயி அளவெடுத்தா. வந்தவ பேச்சு மூச்சு இல்ல. போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்த இல்ல. மூணரை பஸ்ஸுக்குன்னு கெளம்பிப் போயிட்டா. கல்லு மனசுக்காரி. எம்மவன் தங்கம். சுட்டுப்போட்டாலும் வெளியாள்கிட்ட ஒரு கோவமான வார்த்த பேசமாட்டான். சாயங்காலம் டீ குடிக்கக் காணமேன்னு தடவிக்கிட்டே போயிப் பாக்குறேன், காலுல செருப்பு தட்டுப்படுது."

அவர் மூக்கைச் சிந்தினார். எரிச்சலோடு வந்த சுடர்விழிக்கு அந்தக் கிழவரைப் பார்க்கவும் கஷ்டமாகத்தான் இருந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்தாள். பச்சைக் கவுன். நான்சி. சிவசாமி, தன் போனில் வெற்றிசெல்வன் ஏற்றிக்கொடுத்த மார்க்கெட் ஆப்பைத் திறந்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிக் குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை மெதுவாக வந்து, அவரிடம் கேட்காமல் சுடர்விழியின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை, இன்னைக்கு பச்சையா, செவப்பா?"

சுடர்விழிக்குச் சிரிப்பு வந்தது. போனை எட்டிப் பார்த்தாள். "செவப்புடா தங்கம். ஒரே செவப்பு."

நான்சி திரும்பி உள்ளே ஓடி, இரும்புக் கட்டிலுக்கு அடியில் புகுந்து, சுவரோடு ஒட்டிப் படுத்து, காதைப் பொத்திக்கொண்டாள்.

"அப்படித்தான் செய்யும். அதுக்கு அது ஒரு வெளாட்டு" என்றார் அந்தோணிமுத்து. "அப்பன் போனும் கையுமா இருப்பானா, இதுவும் மார்க்கெட் நெலவரம் கேக்கப் பழகிருச்சு."

சுடர்விழி குனிந்து, "கண்டுபுடிச்சுட்டேனே" என்று பிள்ளைக்குக் கைகாட்டிவிட்டு வந்தாள். ஆட்டோவில் ஏறியதும், அம்மாக்காரியிடம் சொல்ல நல்ல சேதி கிடைத்தது, பிள்ளை விளையாட்டுக்காரி என்று சிரித்துக்கொண்டாள். சிவசாமி சிரிக்கவில்லை. கைக்கு வந்த குற்றவாளி கண்புரையால் தப்பித்துப் போனதில் அவருக்கு மனசு ஆறவில்லை.

---

மரிய செல்வியின் கடை கீரனூர் கடைவீதிக்குப் பின்னால், ஒரு மெஷின் போடும் அளவுக்கு ஒரு அறை. அவள் மேசையில் செய்தித்தாளை விரித்து ரவிக்கைக்கு மாதிரி வெட்டிக்கொண்டிருந்தாள். சுடர்விழி வாசலிலேயே கையெழுத்துத் தாளை நீட்டினாள்.

"இந்தாங்க உங்க அர்த்தம். சப்போர்ட்டுன்னா சார்ட்டுல போடுற கோடு. அது நீங்க இல்ல."

மரிய செல்வி கத்திரியை வைத்துவிட்டுத் தாளை இரண்டு கையாலும் வாங்கினாள். முழுக்கப் படித்தாள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் முதல்முறையாக ரத்தம் ஓடியது.

"திங்கக்கெழம புள்ள வந்துருவாள்ல?"

"வந்துருவா. நல்லா இருக்கா. பச்சைக் கவுன் போட்டிருக்கா."

"நான் தச்சதுதான். உக்காருங்க, டீ சொல்றேன். இந்த ஒண்ண மட்டும் வெட்டிர்றேன்." அவள் கத்திரியை எடுத்தாள். செய்தித்தாளில் பென்சில் கோடு வளைந்து போனது. கத்திரி கோட்டின் மேல் போகவில்லை. கோட்டுக்கு வெளியே, அளவு பார்க்காமல், கொஞ்சமும் கூடாமல் குறையாமல் தள்ளித் தள்ளிப் போனது.

சுடர்விழியின் சும்மா இருக்க மாட்டாத வாய்தான் கேட்டது. "கோடு எதுக்குப் போட்டீங்க? அதுமேல வெட்ட மாட்டேங்கிறீங்களே."

"தையலுக்கு விடணும்லங்க. ஒரு வெரல். கை தானா விட்டுரும், துணின்னாலும் பேப்பருன்னாலும்."

சொல்லி முடித்த பிறகுதான் கத்திரி நின்றது.

சுடர்விழியின் மடியில் அந்த ஜெராக்ஸ் இருந்தது. நான்கு பக்கமும் கறுப்புக் கோடு, நான்கு பக்கமும் ஒரு விரல். அவள் உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்து மறைத்தாள். ஆனால் சிவசாமி காகிதத்தைப் பார்க்கவில்லை, கத்திரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணரை பஸ்ஸுல நீங்க ஏறலை" என்றார்.

மரிய செல்வி கத்திரியை மூடி, மெஷினுக்குப் பக்கத்தில் அதன் இடத்தில் வைத்தாள்.

"விட்டுட்டேங்க."

"ஏன்?"

"கவுன் அளவெடுக்க அவ சட்டையக் கழட்டுனேன்." அவள் தன் முதுகைத் தொட்டுக் காட்டினாள். "இங்க இருந்து இங்க வரைக்கும். பெல்ட்டுத் தடம், பக்கிள் பதிஞ்சிருந்துச்சு. மூணு தடவ என்னைய அடிச்சாரு, அதுக்குத்தான் போனேன், மூணு தடவையும் மன்னிப்பு கேட்டாருன்னு வந்தேன். நாலாவது தடவ புள்ளையத் தூக்கிட்டு வாரேன்னேன், விடல. நான் இல்லன்னா அவளத் தொடமாட்டாருன்னு நம்பி விட்டுட்டு வந்தேன்."

"வாத்தியாரு சொன்னாரு, கோவமே வராத ஆளுன்னு" என்றாள் சுடர்விழி. தன் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது.

"வராது. அங்க வராது. போர்டுல எழுதிப் போட்டிருப்பாங்களே, பாக்கலயா? வீட்டுல வச்சுட்டு வாங்கன்னு. அவரு அப்படியே செஞ்சாரு." அவள் சிரிப்பது போல உதட்டை இழுத்தாள். "பச்சையா முடிஞ்சா சாயங்காலம் புரோட்டா. செவப்பா முடிஞ்சா பெல்ட்டு. அடிச்சு முடிச்சுட்டு உக்காந்து நோட்டுல அமைதின்னு எழுதுவாரு."

வெளியே தள்ளுவண்டிக்காரன் கொய்யாப்பழம் என்று கூவிக்கொண்டு போனான்.

"கெணத்து மேட்டுல செருப்பக் கழட்டிட்டுக் கால் தொங்கப்போட்டு உக்காந்திருந்தாரு. போட்டோ எடுத்து அனுப்பிட்டு, போனப் பக்கத்துக் கல்லுமேல வச்சு சார்ட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பின்னாடி வந்து நின்னேன். திரும்பிப் பாக்கல. ஒரு கை போதுமா இருந்துச்சுங்க. அப்புறம் அங்கயே உக்காந்து நோட்டப் பெரட்டுனேன். அந்தப் பக்கம் வந்துச்சு. படிச்சதும், இது நான்ல எழுத வேண்டியது, இவரு எதுக்கு எழுதி வச்சிருக்காருன்னு தோணுச்சு. பையில கத்திரி இருந்துச்சு." அவள் சிவசாமியை நேராகப் பார்த்தாள். "ஊரு சரியாத்தான் படிச்சுச்சு சார். சப்போர்ட்டு நான்தான். நீங்கதான் தப்பாப் படிச்சுட்டீங்க. அப்படியே தப்பாவே எழுதிக் குடுத்துட்டுப் போயிருங்க. புள்ள வந்துரட்டும்."

சிவசாமி கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் இருந்த பெருமை முழுக்க வழிந்து போயிருந்தது. வயசான, வேண்டாத வேலை செய்துவிட்ட ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார்.

"சார், அந்த மெசேஜ அழிங்க" என்றாள் சுடர்விழி.

"பாத்துட்டானேம்மா. நீலம் விழுந்துருச்சு."

அவர் போன் மேசைமேல் ஆடியது. திருமுருகன் என்று எழுத்து வந்தது. சிவசாமி எடுக்கவில்லை. அது நின்று, மறுபடி ஆடியது. மூன்றாம் முறை ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. சுடர்விழி குனிந்து படித்தாள். நோட்டு விஷயம் பிரமாதம், கேஸைத் திரும்ப எடுக்கிறோம், மனைவியிடம் விசாரிக்க அவள் கடைக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன் என்று இருந்தது.

நோட்டு எங்கே என்று அவர்கள் கேட்கவே இல்லை. மரிய செல்வியே எழுந்து துணிக்கட்டுக்கு அடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். எரித்திருக்கலாமே என்று சுடர்விழி கேட்டதற்கு, நான்சியின் பிறந்தநாளை முதல் பக்கத்தில் அவன் எழுதிவைத்திருந்தான், அதனால் கை வரவில்லை என்றாள். பிறகு கழுத்திலிருந்த அளவு டேப்பைக் கழற்றிச் சுருட்டி டிராயரில் போட்டாள். மெஷினை உறை போட்டு மூடினாள். வாங்கிய தாளைக் கிழிக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

தெருமுனையில் ஜீப் திரும்பும் சத்தம் கேட்டது. சிவசாமி எழுந்து வாசலுக்குப் போய், என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றார்.

மரிய செல்வி சுடர்விழியின் பக்கம் குனிந்தாள். "நீங்க புள்ளையப் பாத்தீங்கள்ல. அவகிட்டப் பேசுனீங்களா?"

"பேசுனேன்."

"யாராச்சும் போனப் பாத்தாக் கேப்பா. பச்சையா செவப்பான்னு. மாமனாருக்கு அது என்னன்னு தெரியாது. எது வந்தாலும் பச்சைன்னு சொல்லணும். கேட்டாளா?"

"கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

ஒன்பது வருடமாக எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் வைத்திருந்த சுடர்விழி, ஆவூருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.